முதலில் ஓரம்: தாராவியில் தோல் பை பார்க்கும் முறை

சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் இருக்கும் தோல் கடை எதிலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு வேலைதான் செய்வார்கள். பையைத் திறந்து உள்ளே எத்தனை அறை என்று எண்ணுவார்கள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வார்கள். இரண்டாலும் பயனில்லை. தோல் வாசனை ஸ்ப்ரேயாகக் கிடைக்கிறது, ரெக்சின் மேலும் அடிக்கலாம். அறைகள் கூடக் கூட உள்ளே மலிவான லைனிங்தான் கூடும்.

பார்க்க வேண்டியது ஓரம். தோள்பட்டையைக் கையில் எடுத்து, அகலப் பக்கத்தை விட்டுவிட்டு, வெட்டுப்பட்ட பக்கத்தை வெளிச்சத்தில் திருப்புங்கள். பையின் முகம் பளபளப்பதும் வழவழப்பதும் பெரும்பாலும் பதனிடும் ஆலையில் நடந்த வேலை. அங்கேயே ரோலரில் அழுத்தி, சாயம் தெளித்து, வார்னிஷ் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பையைத் தைத்தவரின் கை தெரியும் இடம் ஓரமும் மூலையும் தையல் முடியும் இடமும்தான். ஒரே தோலில் செய்த இரண்டு பைகளில் ஒன்று இருமடங்கு விலை என்றால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஓரத்தில் செலவான மணிநேரம்.

ஓரத்தை முடிக்க மூன்று நேர்மையான வழிகள் உண்டு: மெருகேற்றுவது, கலர் பூசுவது, மடிப்பது. நான்காவது, வெட்டியதை வெட்டியபடியே விடுவது. தடித்த பெல்ட் தோலில் அதை ஒரு பாணி என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டு அடுக்கு ஒட்டிய பையில் அது சோம்பல், வேறொன்றும் இல்லை.

மெருகேற்றிய ஓரம் தாவரப் பதனிட்ட, அதாவது மரப்பட்டையும் காயும் போட்டுப் பதனிட்ட, தோலுக்கே பொருந்தும். தையல் முடிந்த பிறகு இரண்டு அடுக்கும் ஒரே மட்டத்தில் வரும்வரை 220-ம் எண் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், பிறகு 400, பிறகு 600. கூர்மையான முனையை மேலும் கீழும் மெல்லியதாகச் சீவி உருட்ட வேண்டும். லேசாக ஈரப்படுத்தி, மரக்கட்டையிலோ கேன்வாஸ் துணியிலோ வேகமாகத் தேய்த்தால் உராயும் சூட்டில் நார்கள் படுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தேன்மெழுகு. சரியாகச் செய்த ஓரத்தில் அடுக்குகளின் கோடு தெரியாது. விரலை ஓட்டினால் கூழாங்கல் மாதிரி இருக்கும். குரோம் தோலில், அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டதில், இதையே ஒரு மணிநேரம் செய்தாலும் நார்கள் படுக்காது, பஞ்சு மாதிரி மறுபடி எழும். அதனால் குரோம் தோலில் பளபளக்கும் ஓரம் இருந்தால் அது மெருகல்ல, பூச்சு.

பூச்சில் தப்பில்லை. உலகத்தின் விலை உயர்ந்த பைகள் பலவற்றிலும் ஓரத்தில் இருப்பது கலர்தான். எத்தனை கோட், எத்தனை பொறுமை என்பதே கேள்வி. முதல் கோட்டை நார் உறிஞ்சிக்கொண்டு எழுந்து நிற்கும். காய்ந்ததும் 400-ல் தேய்த்துச் சமன் செய்து இரண்டாவது கோட், மறுபடி தேய்த்து மூன்றாவது. நல்ல வேலையில் நான்கு ஐந்து கூட ஆகும். நடுவில் சூடான இரும்பு முனையை ஓட்டிப் படிய வைப்பார்கள். ஒவ்வொரு கோட்டும் உள்வரை காய வேண்டும், மும்பையின் ஜூலை மாதத்தில் அது சுலபமில்லை. அவசரத்தில் ஒரே தடித்த கோட்டாகப் போட்டால் மேலே ஆடை படிந்து உள்ளே பச்சையாக நிற்கும். ஆறு மாதத்தில் ஓரம் முழுவதும் ரப்பர் பேண்ட் மாதிரி உரிந்து வருவது இதனால்தான்.

கடையிலேயே சோதிக்கலாம். பட்டையை 'ப' வடிவில் வளைத்து, வளைவின் வெளிப்பக்க ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தால் கலரை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் இன்னும் காயவில்லை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மடித்த ஓரம்தான் எனக்கு மூன்றிலும் பிடித்தது. கைத்திறன் ஒளிந்துகொள்ள இடமில்லாத வேலை அது. வெட்டிய தோலின் விளிம்பில் பத்து பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு உள்பக்கத்தைச் சீவிக் கிட்டத்தட்டப் பாதித் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு மெஷின் உண்டு. சிறு பட்டறைகளில் ராம்பியால், அதாவது தோல் சீவும் கத்தியால், கையாலேயே சீவுகிறவர்களும் உண்டு. சொல்யூஷன் பசை தடவி, கை ஒட்டாத அளவு காயவிட்டு, மடித்துச் சுத்தியலால் தட்டுவார்கள். சீவல் அதிகமானால் மடிப்புக் கோட்டிலேயே ஒரு வருடத்தில் கிழியும். குறைந்தால் ஓரம் தடித்து, பை செருப்பு மாதிரி நிற்கும். சீவின இடமும் சீவாத இடமும் சந்திக்கும் வரியில் விரலை ஓட்டுங்கள், படி தட்டக் கூடாது.

மடிப்பின் தேர்வு மூலையில் நடக்கிறது. வட்டமான மூலையில் தோல் கூடுதலாகச் சேரும், அதைச் சின்னச் சின்னக் கொசுவங்களாகப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பர்ஸின் மூலையைத் திறந்து உள்பக்கம் எண்ணுங்கள். விசிறி மாதிரி ஒரே அளவில் ஆறு ஏழு கொசுவம் இருந்தால் கை தேர்ந்தவர். இரண்டு மூன்று தடித்த மடிப்பாக இருந்தால் அந்த மூலைதான் முதலில் தேயும். கொசுவம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கம் தேவையில்லை. புடவையில் பார்க்கும் கண்ணால் இதையும் பார்த்தால் போதும்.

ஓரத்தில் பைப்பிங் வைத்துத் தைப்பது ஐந்தாவது வழி. பை புதிதாக இருக்கும்போது மிக அழகாக இருக்கும். ஆனால் அடிமூலையில் தரையோடு உரசுவது அந்தப் பைப்பிங்தான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கயிறு எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் சரிசெய்யப் பையையே பிரிக்க வேண்டும். பைப்பிங் உள்ள பையில் அடியில் நான்கு உலோகக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும்: தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதை. கலர் பூசாத ஓர் இடம் எப்போதும் இருக்கும். பெல்ட்டின் ஓட்டைக்குள், அறையின் உள்விளிம்பில், டி-வளையத்தைப் பிடிக்கும் துண்டின் பின்னால். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் ஈரத்தில் நீலமாகவே இருக்கும், தொழிலில் அதன் பெயரே வெட் புளூ. நடுவரை பழுப்பு என்றால் பெரும்பாலும் தாவரப் பதனிடல். முழுக்கச் சாயம் ஊறிய குரோம் தோலில் இந்த நீலம் தெரியாமலும் போகலாம்.

தாவரப் பதனிடல் நமக்கு அந்நியமில்லை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில் கப்பலேறியது, பிறகு புவிசார் குறியீடும் பெற்றது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று வைத்தியத்துக்குச் சொன்னார்கள். அதன் பட்டையோ செத்த தோலையும் அழுகாமல் காத்தது. இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது. கடுக்காய் இன்னும் இருக்கிறது.

தாராவிக்கும் அந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதனிடும் வேலை தெரிந்த தமிழர்கள், முக்கியமாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, இங்கே வந்தார்கள். பாந்த்ராவிலிருந்த ஆட்டுத்தொட்டி 1971-ல் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் ஆலைகளும் மெல்ல மெல்லப் போய்விட்டன. இன்றைக்குத் தாராவியில் நடப்பது பெரும்பாலும் வெட்டும் தைக்கும் வேலை. தோல் சென்னை, கொல்கத்தா, கான்பூரிலிருந்து வருகிறது. 2015-ல் மகாராஷ்டிரம் காளை, எருது வதையையும் தடை செய்தபிறகு, எருமையும் ஆடும்தான் இங்கே கடைகளில் அதிகம் கேட்கும் பெயர்கள். இந்தச் சூழலிலேயே தோலை விட்டுவிட்டு, பழைய ரப்பரை மறுசுழற்சி செய்த ஷீட்டில் பை செய்யத் தொடங்கிய சமார் ஸ்டூடியோவும் மும்பையில் பிறந்தது.

தாவரப் பதனிட்ட தோலை மும்பையில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு ரசாயனம் தெரிந்துகொள்ள வேண்டும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எப்படி விழுகிறது? துணியை முதலில் கடுக்காயில் ஊற வைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரைகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் கறுக்கிறது. அதே வேலை உங்கள் பையிலும் நடக்கும். இரும்பு ரிவெட், இரும்புக் கொக்கி, ஈரமான இரும்பு கேட்டில் சாய்த்து வைத்த பை, பைக்குள் போட்ட துருப்பிடித்த சாவி, எதுவானாலும் ஒரு மழைக்குப் பிறகு அந்த இடத்தில் கருநீலக் கறை. எலுமிச்சைச் சாறு அதைக் கொஞ்சம் வெளுக்கும், கூடவே தோலையும் வெளுக்கும். முழுக்கப் போகாது. ஆகையால் இந்த வகைத் தோலில் பித்தளையைத் தவிர வேறு உலோகம் இருந்தால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒட்டினால் இரும்பு.

காந்தம் ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று குதிக்க வேண்டாம். துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே தங்க நிற முலாம் போட்டதும் காந்தத்துக்கு மசியாது. கொக்கியின் முள் உரசும் இடத்தையோ உள்வளைவையோ பாருங்கள். முலாம் போன இடத்தில் சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். பித்தளை தேய்ந்தாலும் உள்ளே மஞ்சள்தான். துத்தநாகம் வளையாது, ஒரு நாள் திடீரென்று ஒடியும், அதுவும் கொக்கியின் மெல்லிய கழுத்தில். 1978-ல் புதுச்சேரியில் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் பெயரெடுத்ததற்குத் தாவரப் பதனிட்ட தோலும் திடப் பித்தளைக் கொக்கியும் சேர்ந்து வந்தது ஒரு காரணம். அந்தச் சேர்க்கை வெறும் அழகுக்காக வைத்தது அல்ல என்பது மேலே சொன்ன கறுப்பிலிருந்தே புரியும்.

ஜிப்பில் ரன்னரின் பின்பக்கத்தைத் திருப்பினால் பெரும்பாலும் எண் இருக்கும். பர்ஸுக்கு 3 போதும், தினசரிப் பைக்கு 5, பயணப் பைக்கு 8 அல்லது 10. லேப்டாப் பையில் 3-ம் எண் ஜிப்பைப் பார்த்தால் அந்தப் பையின் ஆயுள் ஜிப்பின் ஆயுள்தான். மூலை திரும்பும் இடத்தில் ஒரே விரலால் இழுங்கள். சிக்கினால் அங்கே ஜிப் துணியைத் தளர்த்தாமல் தைத்திருக்கிறார்கள். உலோகப் பல் என்றால் மாதம் ஒரு தடவை மெழுகுவத்தியை அதன் மேல் உரசிவிடுங்கள், அவ்வளவுதான் பராமரிப்பு.

தோலைப் பற்றி இன்னும் இரண்டு. முதலாவது தடிமன். பர்ஸின் வெளித்தோல் 1 முதல் 1.2 மில்லிமீட்டர், உள்ளே கார்டு வைக்கும் துண்டுகள் 0.6 முதல் 0.8. கைப்பைக்கு 1.4 முதல் 1.8. பெல்ட்டுக்கு மொத்தம் 3 முதல் 4. கார்டு அறைகளுக்கும் வெளித்தோலையே பயன்படுத்தினால் எட்டுக் கார்டு போட்ட பர்ஸ் சட்டைப்பைக்குள் செங்கலாகிவிடும். எருமைத் தோல் தடித்தது, அதைப் பிளந்து மெலிதாக்கினால் வலிமை கணிசமாகப் போய்விடும். ஆட்டுத்தோல் பிறவியிலேயே மெல்லியது, பிளக்காமல் அதன் முழு நாரோடு கிடைக்கும். 0.8 மில்லிமீட்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆட்டுத்தோல்தான் ஜெயிக்கும். ஆட்டுத்தோல் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தோல் எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டது என்பது. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது, இழுபடாது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது. நல்ல வெட்டுக்காரர் பட்டைகளையும் பெல்ட்டையும் முதுகின் நீளவாக்கில் எடுப்பார், வயிற்றை உள்துண்டுகளுக்கு ஒதுக்குவார். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது, வயிற்றுக்கும் அதே விலைதான். ஆகவே வீணாக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நெருக்கி வெட்டும் பட்டறையில் ஒரு கைப்பிடி முதுகிலிருந்தும் இன்னொன்று வயிற்றிலிருந்தும் வந்துவிடும். ஆறு மாதத்தில் ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் நீண்டு தொங்கும். கடையில் இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். உள்ளே நைலான் நாடா வைத்துத் தைத்த பட்டை என்றால் இந்தக் கவலை இல்லை. 'அண்ணே, பட்டைக்குள்ள டேப் வச்சிருக்கீங்களா?' என்று கேட்டால் போதும். கேட்கத் தெரிந்தவருக்குக் காட்டும் அலமாரி வேறாக இருப்பதும் உண்டு.

தையலுக்கு வருவோம். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஓர் இடத்தில் அறுந்தால் இரண்டு பக்கமும் அவிழத் தொடங்கும். சேணத் தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையையும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். 1837-ல் பாரிஸில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மெஸ் இன்றும் பைகளில் இந்தத் தையலைக் கைவிடவில்லை. கணக்கைப் பாருங்கள். நாற்பது அங்குல பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எண்பது அங்குலம், அங்குலத்துக்கு ஏழு தையல் என்றால் 560 தையல். மெஷினில் சில நிமிடம், கையில் என்றால் அரைநாள் போய்விடும். கையால் தைத்தது என்று சொல்லி மெஷின் விலைக்கு யாராவது கொடுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆனால் கைத்தையல்தான் உயர்ந்தது, மெஷின் மட்டம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நூலின் இழுவிசை சரியாக அமைந்த மெஷின் தையல், ஏனோதானோ கைத்தையலைவிடப் பல மடங்கு மேல். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கீழ் நூல் சுருண்டு வளையமாகத் தெரிந்தால் மெஷின் சரியாக அமையவில்லை. பைக்கு அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு, பர்ஸுக்கு எட்டிலிருந்து பத்து தையல். அதற்கு மேல் நெருக்கினால் நேர்த்தியாகத்தான் தெரியும், ஆனால் தபால் தலையின் ஓரம் மாதிரி துளை வரிசை உண்டாகி அதே கோட்டில் கிழியும். துணிக்கு நூலைக் கூட்டினால் பலம், தோலுக்குத் துளையைக் கூட்டினால் பலவீனம். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் மழையிலும் வியர்வையிலும் மக்கும். தையல் தொடங்கி முடியும் இடத்தில் இரண்டு மூன்று தையல் திரும்பி வந்திருக்க வேண்டும், நூல் முனை உள்பக்கம் இழுத்து உருக்கப்பட்டிருக்க வேண்டும். உருக்கிய கறுப்புப் பொட்டு பையின் முகத்திலேயே இருந்தால் அவசரக் கை.

பட்டை பையோடு சேரும் இடத்தில் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒரு தடித்த துண்டு தட்டுப்பட வேண்டும், சால்பா என்று தொழிலில் சொல்லும் தோல்தூள் அட்டையோ இன்னொரு தோல் துண்டோ. அது இல்லாமல் வெறும் 1.4 மில்லிமீட்டர் தோலில் ரிவெட் அடித்திருந்தால், நான்கைந்து கிலோ லேப்டாப் பாரத்தில் ஓட்டை நீள்வட்டமாகி, கடைசியில் ரிவெட் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு ரிவெட்டைவிடச் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டது நல்லது.

இனி போலி. 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரை தோல் என்பதை மட்டும்தான் சொல்கிறது, எந்த அடுக்கு என்பதைச் சொல்லாது. பிளந்த கீழடுக்கின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அதில் மயிர்க்கால் மாதிரி அச்சடித்தாலும் அந்த முத்திரை போடுகிறார்கள். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். மேலடுக்குத் தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், பிளாஸ்டிக் படலம் மொத்தமாகக் குழியும். மயிர்க்கால்கள் எல்லா இடத்திலும் ஒரே அச்சாக, வால்பேப்பர் மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள்.

போலித் தோலில் பூசும், பியூ எனப்படும் பாலியூரித்தேன் பற்றி மும்பைக்காரர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் ஈரமே அதன் ரசாயனப் பிணைப்பை அறுக்கிறது. அதனால்தான் ஒரு தடவைகூட வெளியே எடுக்காத பை அலமாரிக்குள் இருந்தபடியே மூன்று நான்கு வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. உபயோகித்ததால் கெட்டது அல்ல, அதற்கு வைத்தியமும் இல்லை. வெளியே நல்ல தோல் வைத்து உள்ளே பியூ லைனிங் போட்ட விலையுயர்ந்த பைகளுக்கும் இதே கதிதான். அறைக்குள் கைவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். உள்ளே துணி லைனிங் கேளுங்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர் மேல், இந்த ஊரில் பருத்தி லைனிங்கில் பூஞ்சணம் சீக்கிரம் வரும். லைனிங்கை வெளியே இழுத்து உதறும் அளவுக்குத் தளர்வு இருந்தால் செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார்.

கோலாப்பூரி செருப்பைச் சொல்லாமல் இந்த ஊரில் தோலைப் பற்றிப் பேச முடியாது. 2019-ல் மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்த்துப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடா அதே சாயலில் செருப்பு காட்டியபோது, இங்கே எழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் அந்த வடிவம் இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது. மரபுப்படி செய்ததில் ஆணி இருக்காது, அடித்தோலைத் தோல் வாராலேயே கோத்திருப்பார்கள். தாவரப் பதனிட்ட தோல் ஆகையால் மழைத் தண்ணீரில் ஊறி அடி பிரிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது ஓய்வெடுக்கட்டும்.

வீட்டுப் பொருள்களில் தோல் ட்ரேயும் மேசை விரிப்பும்தான் வாங்கத் தக்கவை. ட்ரேயின் நான்கு மூலையும் தைத்ததா, பட்டன் போட்டதா என்று பாருங்கள். பட்டன் வைத்ததைப் பிரித்துத் தட்டையாக வைக்கலாம், மழைக்காலத்தில் துடைக்க வசதி. விரிப்பின் மேல், பக்கத்திலேயே இருக்கும் குயவர் பகுதியான கும்பார்வாடாவில் வாங்கிய மண்ஜாடியை நேராக வைக்காதீர்கள். மெருகு பூசாத மண் வியர்க்கும், அடியில் வட்டமாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

சொல்லிச் செய்வதானால் மாதிரிப் பையைக் காட்டி 'இதே மாதிரி' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தோலின் பெயர், தடிமன் மில்லிமீட்டரில், ஜிப் எண், உலோகம், லைனிங், ஓரம் மடிப்பா கலரா, கலர் என்றால் எத்தனை கோட், எல்லாம் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் தமிழில் பேசியே பாதி வேலை முடியும். ஆனால் தைக்கும் கை பல இடங்களில் பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்தது, அவருக்கு எட்டுவது நீங்கள் பேசியது அல்ல, எழுதியது. நேரமும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கம்பெனிப் பரிசு ஆர்டர்கள் குவியும், ஓரத்துக்குக் கோட் குறையும் பருவம் அது. ஜூலை ஆகஸ்டில் கலர் காயாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உத்தமம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மே கடைசியில் பையை முழுக்கக் காலி செய்து, மூலையில் இருக்கும் துகள்களை உதறி, உலர்ந்த துணியால் துடைத்து, தேன்மெழுகு கலந்த லெதர் கிரீமைப் பட்டாணி அளவு எடுத்துத் தேயுங்கள். மிச்சத்தை ஒரு மணிநேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பாட்டி வைத்தியம் தலைக்கு நல்லது, தோல் பையில் அது நிறத்தைக் கறுக்கவைத்து, நாரைத் தளர்த்தி, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உள்ளே அச்சு இல்லாத வெள்ளைத் தாளைக் கசக்கி நிரப்புங்கள், செய்தித்தாள் மை லைனிங்கில் ஒட்டும். பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய தலையணை உறையில் வைத்து, சுவரைத் தொடாத தட்டில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். காற்றின் ஈரம் 65–70 சதவீதம் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், மும்பையில் ஜூலை முழுக்க அதைத் தாண்டித்தான் இருக்கும். ஆகவே பூட்டி வைத்த பையைவிட வாரம் இரண்டு தடவை வெளியே எடுத்துப் போகும் பை நன்றாக இருக்கும்.

நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, தாள் திணித்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள். ஹேர் டிரையரும் வெயிலும் கூடாது. சூட்டில் தோல் சுருங்கி விறைக்கும், தாவரப் பதனிட்டது இன்னும் வேகமாக. வெள்ளைப் பூஞ்சணம் வந்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், அடுத்த பைக்கும் பரவும். பால்கனியில் உலர்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். முதலில் அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்து, சாயம் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு. நிழலில் காய்ந்த பிறகு மறுபடி கிரீம்.

ஓரக் கலர் உரிய ஆரம்பித்தால் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தூக்கிய நுனியை மட்டும் கத்தரித்து, அந்த இடத்தை 400 தாளில் தேய்த்து, இரண்டு மெல்லிய கோட் போட்டால் நின்றுவிடும். செய்யக் கொடுத்த பட்டறையிலேயே அதே கலரில் சின்னப் புட்டி ஒன்றும், பட்டை நீளத்துக்கு அதே தோலில் ஒரு துண்டும் பையை வாங்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த லாட் தோல் வரும்போது அதே நிறம் வராது.